10.0.2.15: எல்லோருக்கும் ஒரே முகவரி

போன சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். கிழக்கு தாம்பரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பையன். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.

"அண்ணா, தூங்கிட்டீங்களா? விஎம்-ல நெட்டே வரல. மூணு தடவை அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிட்டேன்."

திங்கட்கிழமை காலை அவனுக்கு ஒரு இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு. சொந்த லேப்டாப்பில் லினக்ஸ் தயாராக வைத்திருக்க வேண்டும், அதில் சில மென்பொருள்களை நிறுவியிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். ரெண்டு நாளாகப் போராடியிருக்கிறான். "எனக்கு லினக்ஸ்லாம் செட் ஆகாது போலண்ணா" என்றான். அந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

வந்தான். க்யூஎமுவில் ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின். சீனியர் ஒருவர் எழுதிக்கொடுத்த ஸ்கிரிப்டை வைத்து அதை ஏற்றியிருந்தான். முதல் நாள் நடந்ததைக் கேட்டேன். இன்ஸ்டால் முடிந்ததும், நெட் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்திருக்கிறான்: பிங் 8.8.8.8. ஒரு பதிலும் இல்லை, 100 சதவீதம் இழப்பு. சரி, நெட்வொர்க் தப்பு என்று முடிவு செய்து, ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து விஎம்முக்குக் கையால் ஒரு முகவரி கொடுத்திருக்கிறான். லேப்டாப்பின் முகவரி 192.168.1.7, அதனால் விஎம்முக்கு 192.168.1.50, கேட்வே 192.168.1.1. அதற்கப்புறம் நிஜமாகவே எதுவும் வேலை செய்யவில்லை.

"முதல்ல என்ன அட்ரஸ் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"பத்து, பூஜ்யம், ரெண்டு, பதினஞ்சுண்ணா. அது என்னவோ கன்னாபின்னான்னு இருந்துச்சு. நம்ம வீட்டு நெட்வொர்க் 192-லதான ஆரம்பிக்குது? அதான் மாத்திட்டேன்."

அது கன்னாபின்னா முகவரி இல்லை. கிட்டத்தட்ட முப்பது வருட வயதுள்ள முகவரி. அதன் கதை தெரிந்திருந்தால் அவனுக்கு அந்த ரெண்டு நாள் மிச்சம். அவனிடம் பாதி ராத்திரியில் சொன்ன கதையைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

படமில்லாத இணையம்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. ஆரம்பத்திலேயே அது கிடைத்த ஊர்களில் ஒன்று நம்முடையது. அப்போது பெயர் மெட்ராஸ்தான். சென்னை ஆனது 1996-ல். அதற்கு முன்பும் இங்கே இணையம் இருந்தது. 1986-ல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஐஐடி மெட்ராசும் ஒரு பங்காளி. ஆனால் அது கல்வி நிறுவனங்களின் வேலிக்குள் இருந்த விஷயம்.

விஎஸ்என்எல் கொடுத்த டயல்-அப் கணக்குகளில் ரெண்டு சாதி உண்டு. ஒன்று டிசிபி/ஐபி கணக்கு. மோடம் இணைந்ததும் உங்கள் கணினிக்கென்று ஒரு ஐபி முகவரி கிடைக்கும். நெட்ஸ்கேப்பில் படங்களோடு வலைப்பக்கம் பார்க்கலாம். விலையும் அதற்கேற்றபடி. இன்னொன்று ஷெல் கணக்கு. இதில் உங்கள் கணினிக்கு முகவரியே கிடையாது. அது வெறும் டெர்மினல். நீங்கள் தட்டுவது எல்லாம் தொலைவில் இருக்கும் யுனிக்ஸ் இயந்திரத்துக்குப் போகும், அது அனுப்பும் எழுத்துகள் உங்கள் திரையில் வரும். இணையத்தில் இருப்பது அந்த இயந்திரம், நீங்கள் இல்லை. மாணவர்களுக்கென்று 500 ரூபாய்க்கு வந்த கணக்கு இந்த ரகம்தான்.

1997-ல் நான் பிஇ இரண்டாம் ஆண்டு. குரோம்பேட்டையில் இருந்த நண்பன் வீட்டில் அப்படி ஒரு மாணவர் கணக்கு. ரிச்சி தெருவில் வாங்கிய மோடம். ராத்திரி அவன் அப்பா படுத்த பிறகு டயல் செய்வோம். உள் அறையில் யாராவது போனை எடுத்தால் இணைப்பு போய்விடும். திரையில் ஒரு மெனு வரும்: கடிதம் படிக்க பைன், வலைப்பக்கம் பார்க்க லின்க்ஸ். லினக்ஸ் இல்லை, லின்க்ஸ் என்ற எழுத்து உலாவி. படம் இருக்க வேண்டிய இடத்தில் 'இமேஜ்' என்று ஒரு சொல் மட்டும் இருக்கும்.

படம் இல்லாதது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. தமிழ் இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. திருக்குறளும் சங்க நூல்களும் கணினியில் ஏறுகின்றன என்று கேள்விப்பட்டோம். அந்த நாளில் யுனிகோடில் தமிழ் புழக்கத்துக்கு வரவில்லை. ஒரு தனி எழுத்துருவை நிறுவி, வரைகலை உலாவியில் திறந்தால்தான் தமிழ் தெரியும். எங்கள் எழுத்துத் திரையில் வந்தவை உச்சரிக்கக்கூட முடியாத குறிகள். 500 ரூபாய்க் கணக்குக்காரர்களுக்கு இணையம் இருந்தது, அதில் தமிழ் இல்லை. முகவரி இருந்தவர்களுக்குத் தமிழும் இருந்தது.

பக்கத்து வீட்டு போன்

இந்தச் சிக்கல் இந்தியாவில் மட்டும் இல்லை. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களும் இணையச் சேவையாளர்களும் மலிவாகக் கொடுத்தது ஷெல் கணக்கைத்தான். 1993-ல் மொசைக் உலாவி வந்ததும் எல்லோருக்கும் அது வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் மொசைக் ஓட உங்கள் கணினிக்கு ஐபி இணைப்பு வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக ஐபி பாக்கெட்டுகளை அனுப்ப ஸ்லிப் என்ற முறை இருந்தது (1988-லேயே அதற்கு ஆர்எஃப்சி எழுதியாகிவிட்டது), பிறகு பிபிபி வந்தது. இரண்டுக்குமே மறுமுனையில் இருப்பவர் சம்மதித்து உங்களுக்கு ஒரு முகவரி தர வேண்டும்.

சம்மதம் கேட்காமலேயே காரியத்தை முடிக்க ஒரு வழியை 1993 வாக்கில் டிஐஏ என்ற வணிக மென்பொருள் காட்டியது. அதே வேலையைச் செய்யும் ஒரு இலவச மென்பொருளை ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலிருந்து டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் 1995-ல் எழுதினார். பெயர் ஸ்லர்ப்.

அது செய்ததைப் புரிந்துகொள்ள பி.பி. நம்பர் தெரிந்திருக்க வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் தொலைபேசிக்கு மனுப் போட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பக்கத்து வீட்டு எண்ணை நம்முடையதாகக் கொடுப்போம். கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சிட்டிருக்கும். சேலையூரில் எங்களுக்குக் கீழ் வீட்டு மாமியின் போன்தான் பி.பி. நம்பர். நமக்கு அழைப்பு வந்தால் மாமி மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

வீட்டு ரௌட்டர் இன்று செய்யும் நாட் (முகவரி மாற்றம்) என்பது இந்தப் பி.பி. நம்பர் முறைதான். உள்ளே பத்துப் பேர், வெளியே ஒரே எண். பாக்கெட்டின் மேலுறையில் அனுப்புநர் முகவரியை மட்டும் அடித்து, தன் முகவரியை எழுதி அனுப்பும். பதில் வந்தால் யாருக்கு என்று பார்த்து உள்ளே கொடுக்கும்.

ஸ்லர்ப் செய்தது அதைவிட விநோதம். மாமி ரிசீவரையே தர மாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்ன சொல்லணுமோ என்கிட்ட சொல்லு, நான் பேசறேன்" என்கிறார். நீங்கள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அவர் தன் குரலில் எதிர்முனைக்குச் சொல்கிறார். எதிர்முனை சொன்னதை உங்களிடம் திரும்பச் சொல்கிறார். எதிர்முனையில் இருப்பவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது; மாமி பேசுகிறார் என்றுதான் நினைப்பார்.

ஷெல் கணக்கில் ஸ்லர்ப்பை ஒரு சாதாரண நிரலாக ஓடவிட்டால், உங்கள் வீட்டுக் கணினி அதையே தன் கேட்வே என்று நம்பும். நீங்கள் அனுப்பும் பாக்கெட்டை அது மேலே அனுப்பாது. பிரித்துப் பார்த்து, 'இவர் இந்த முகவரியில் 80-வது போர்ட்டுக்குப் போக விரும்புகிறார்' என்று புரிந்துகொண்டு, தன் பெயரில் ஒரு புது சாக்கெட்டைத் திறக்கும். ரூட் அனுமதி தேவையில்லை, நிர்வாகியின் சம்மதம் தேவையில்லை. யுனிக்ஸ் இயந்திரத்தின் கண்ணுக்கு, ஒரு சாதாரண பயனர் ஒரு சாதாரண இணைப்பைத் திறக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் கணினிக்கு ஏதாவது ஒரு முகவரி வேண்டுமே? ஸ்லர்ப் தன் சிறு உலகத்துக்கு 10.0.2 என்று ஆரம்பிக்கும் முகவரிகளை வைத்துக்கொண்டது. உங்களுக்கு 15. ஷெல் கணக்கு இருக்கும் இயந்திரத்துக்கு 2. பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-க்கு 3. உலகத்தில் ஸ்லர்ப் பயன்படுத்தும் எல்லோருக்கும் அதே 10.0.2.15 இருக்கலாம். மாமியைத் தாண்டி அந்த முகவரி வெளியே போகவே போகாது, அதனால் மோதலே வராது.

10-ல் ஆரம்பிப்பதற்கும் ஒரு கதை உண்டு. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் எண் அது. 1990-ல் அர்ப்பாநெட்டை மூடிய பிறகு அந்த எண் காலியானது. 1.67 கோடி முகவரிகள் கொண்ட அந்தத் தொகுதியை யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918-ல் இது 192.168, 172.16 தொகுதிகளோடு சேர்ந்து இருக்கிறது.

நாங்கள் குரோம்பேட்டையில் ஸ்லர்ப்பைப் பற்றிக் கேள்விப்பட்டோம், ஒரு ராத்திரி முழுக்க முயன்றோம். மெனுவைத் தாண்டி ஷெல்லுக்குப் போக எங்களுக்கு வழி தெரியவில்லை. விட்டுவிட்டோம். தமிழ்ப் பக்கத்தை ஒழுங்காகப் பார்க்க எனக்கு அதற்கப்புறம் ஒரு வருடம் ஆனது, அதுவும் ஒரு பிரவுசிங் சென்டரில்.

செத்துப் பிழைத்த நிரல்

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை தரலாம் என்று அரசு அனுமதித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே அப்போது முதலில் களமிறங்கியவர்களில் ஒன்று. கட்டணம் இறங்கியது, டிசிபி/ஐபி இணைப்பே எல்லோருக்கும் கிடைத்தது. ஷெல் கணக்கு வழக்கொழிந்தது. ஸ்லர்ப்புக்கும் வேலை இல்லாமல் போனது.

பிறகு 2003-ல் பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட் க்யூஎமுவை வெளியிட்டார். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி. உள்ளே இருக்கும் கணினிக்கு இணையம் வேண்டும், ஆனால் அதற்கு முகவரி கிடையாது. அதை ஓட்டுபவர் சாதாரண பயனர், ரூட் அனுமதி கிடையாது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1995-ன் ஷெல் கணக்குச் சிக்கல் அப்படியே திரும்பி வந்திருந்தது. மோடம் கம்பியின் இடத்தில் ஒரு கற்பனை ஈதர்நெட் அட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். 2004-ல் ஸ்லர்ப்பின் நிரல்வரிகளை எடுத்து க்யூஎமுவுக்குள் வைத்தார்கள். பழைய முகவரிகளும் கூடவே வந்தன. விர்ச்சுவல்பாக்சின் நாட் முறையும் அதே நிரலிலிருந்து வளர்ந்ததுதான். அதனால்தான் அங்கேயும் உங்கள் விஎம்முக்கு 10.0.2.15 கிடைக்கிறது. ஒரே லேப்டாப்பில் இப்படி இரண்டு விஎம் ஓட்டினால் இரண்டுக்கும் அதே முகவரி இருக்கும். ஒன்றையொன்று பார்க்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மாமி.

பிங் ஏன் போகவில்லை

இப்போது பையனின் சிக்கலுக்கு வருவோம். பிங் என்பது டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. அது ஐசிஎம்பி. யுனிக்ஸில் ஐசிஎம்பி பாக்கெட்டை அனுப்ப 'ரா சாக்கெட்' வேண்டும், அதற்கு ரூட் அனுமதி வேண்டும். ஸ்லர்ப்பின் பெருமையே ரூட் இல்லாமல் ஓடுவது. ஆக, உள்ளே இருந்து நீங்கள் பிங் அனுப்பினால் மாமி விழிப்பார். இந்த மாதிரி அழைப்பு அவருடைய போனில் போகாது. 2011-ல் வந்த லினக்ஸ் கெர்னல் 3.0-ல் ரூட் இல்லாமலும் பிங் அனுப்ப ஒரு வழி வைத்தார்கள். ஆனால் அதை எந்தப் பயனர்களுக்குத் திறப்பது என்பது ஒரு அமைப்பு (பிங் குரூப் ரேஞ்ச் என்று பெயர்). சில லினக்ஸ்களில் அது திறந்திருக்கும், சிலவற்றில் மூடியிருக்கும். இவன் லேப்டாப்பில் மூடியிருந்தது.

அதாவது முதல் நாள் அவனுடைய விஎம்மில் இணையம் நன்றாகவே இருந்தது. சோதித்துப் பார்த்த கருவிதான் அந்த வழியில் போக முடியாத கருவி. இல்லாத தப்பைத் திருத்தப் போய், 192.168.1.50 என்று மாற்றி, இருந்த இணைப்பையும் அறுத்துவிட்டான். ஸ்லர்ப்புக்குத் தெரிந்த உலகம் 10.0.2 மட்டும்தான். 192.168.1.1 எங்கே என்று விஎம் கத்தினால், அந்தக் கற்பனைக் கம்பியில் பதில் சொல்ல ஆளே இல்லை.

கையால் கொடுத்த முகவரியை எடுத்துவிட்டு, மறுபடி டிஹெச்சிபிக்கு மாற்றினோம். 10.0.2.15 வந்தது. பிறகு பார்த்த வரிசை இது, உங்களுக்கும் பயன்படலாம்:

1. முகவரி 10.0.2-ல் ஆரம்பிக்கிறதா? ஆமாம் என்றால் நீங்கள் ஸ்லர்ப் வீட்டில் இருக்கிறீர்கள். மாற்றாதீர்கள்.
2. 10.0.2.2-க்கு பிங் போகிறதா? இதற்கு ஸ்லர்ப்பே பதில் சொல்லும். போனால் கம்பி சரி.
3. ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் முகவரி கிடைக்கிறதா? கிடைத்தால் டிஎன்எஸ் சரி.
4. கர்ல் கட்டளையால் ஒரு வலைப்பக்கத்தை எடுக்க முடிகிறதா? முடிந்தால் இணையம் இருக்கிறது. வெளியே பிங் போகவில்லை என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு கேள்வி இதோடு சேர்ந்தே வரும்: லேப்டாப்பிலிருந்து விஎம்முக்குள் எஸ்எஸ்ஹெச் ஏன் போக முடியவில்லை? அதே காரணம்தான். மாமிக்கு வரும் அழைப்பு யாருக்கு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். லேப்டாப்பின் 2222-வது போர்ட்டுக்கு வருவதை விஎம்மின் 22-க்குக் கொடு என்று போர்ட் ஃபார்வர்டிங் எழுதினால் வேலை முடிந்தது.

மாமிக்கும் ஒரு மாமி

ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். அது பற்றாது என்று தொண்ணூறுகளின் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 1631 நாட் முறையை முன்வைத்தது, நிரந்தரத் தீர்வு வரும்வரை ஒரு தற்காலிக ஏற்பாடாக. 2011 பிப்ரவரி 3 அன்று உலகளாவிய கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் விநியோகமாகிவிட்டன. அதே ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது, அதற்கப்புறம் ரேஷன்தான். தற்காலிக ஏற்பாடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று ராத்திரி பையனிடம் என் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். விஎம் 10.0.2.15. லேப்டாப் 192.168.1-ல் ஒன்று. ரௌட்டரின் வெளிமுகவரியாவது நிஜ முகவரியா என்றால், அதுவும் 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருக்கிறது. சேவையாளர்கள் தங்கள் வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் அடுக்குவதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய தொகுதி அது. ஆக, மூணு மாமிகளைத் தாண்டித்தான் அவன் விஎம்மின் குரல் வெளியே போகிறது. ஐபி ஆறாம் பதிப்பு இந்தியாவில் வேகமாகப் பரவிவிட்டது, மொபைலில் பெரும்பாலும் அதுதான். ஆனாலும் பழைய நாலாம் பதிப்புப் பாதையில் இந்த வரிசை இன்னும் அப்படியே நிற்கிறது.

ஸ்லர்ப் இப்போது தனி நூலகமாக லிப்ஸ்லர்ப் என்ற பெயரில் பராமரிக்கப்படுகிறது. ரூட் இல்லாமல் கன்டெய்னர் ஓட்டும் போட்மேன் பல வருடம் அதை நம்பித்தான் இருந்தது. 2024-ல் வந்த போட்மேன் 5-லிருந்து இயல்பாக பாஸ்டா என்ற புதிய கருவிக்கு மாறிவிட்டது. அதற்கு இந்தக் கற்பனை முகவரி தேவையில்லை, புரவலர் கணினியின் முகவரியையே உள்ளேயும் காட்டும். மெதுவாக 10.0.2.15-ம் ஒருநாள் மறையலாம்.

பதினொன்றரை மணிக்கு ஆப்ட் அப்டேட் தட்டினான். வரிகள் ஓட ஆரம்பித்தன.

"அண்ணா, அப்டேட் ஓடுது. ஆனா பிங் இன்னும் போகலண்ணா."

"போகலன்னா விடு. அது போகாது."

சிரித்தான். திங்கட்கிழமை தேர்வு எழுதிவிட்டான். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் நேற்று வந்து, பிங் குரூப் ரேஞ்சை எப்படித் திறப்பது என்று கேட்டான்.

படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1995 முதல் 1998 வரை சென்னையில் ஷெல் கணக்கு வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். ரசீது, விண்ணப்பப் படிவம், அந்த மெனுவை அச்செடுத்த தாள் எது இருந்தாலும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மெனுவைத் தாண்டி ஸ்லர்ப்பை ஓடவிட்டவர் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். குரோம்பேட்டை நண்பனும் நானும் இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோம்.